சிறிய வண்டியும் பெரிய வீடும்

பெரிய வீட்டைக் காலிசெய்யும்போது வண்டி சிறிதாய் அமைந்துவிட்டால் என்ன செய்வது? சென்ற வாரம் நமக்கு நேர்ந்த சங்கடமும் அத்தகையதே. பழைய கைபேசியின் கொள்ளளவு 128 ஜிபி. சிக்கனம் கருதி வாங்கிய புதியதோ 64 ஜிபி. அதிலும் ஒரு பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொண்டது.

"மாமா, எது எவ்வளவு இடம் பிடிக்குதெண்டு முதலில பாருங்க" என்றாள் மருமகள்.

வாட்ஸ்அப்பின் சேமிப்பகப் பகுதியைத் திறந்தோம். காலை வணக்கப் படங்களும், பலர் அனுப்பிய ஒரே காணொளியும் குவிந்து கிடந்தன. தயங்காது நீக்கினோம். குடும்பக் காணொளிகளைக் கணினியில் படியெடுத்து வைத்தோம்.

அடியில் ஒரு படம் தென்பட்டது. நாவலடி வீட்டு முற்றத்தில் அன்னையார் நிற்கும் பழைய நிழற்படத்தின் நகல் அது. அவ்வீட்டையும் நமது படத்தொகுப்புகளையும் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. கடலினின்றும் விலகிய வந்தாறுமூலையில், பெரியம்மாவிடம் ஒரு பிரதி இருந்தமையாலேயே அம்முகம் நமக்கு மிஞ்சிற்று. அது பிடிக்கும் இடமோ சில எம்பி மாத்திரமே!

நேயர்களே, வேண்டாதவற்றை நீக்குங்கள். ஈடற்றவற்றை ஈரிடங்களில் வையுங்கள். புதியதில் யாவும் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பழையதை அழியுங்கள்.

அன்றிரவே அப்படத்தை, தரம் குன்றாதிருக்க ஆவணமாக, வந்தாறுமூலையில் பெரியம்மாவின் மகளுக்கு அனுப்பினோம். எங்கே காப்பாற்றப்பட்டதோ, அங்கேயே ஒரு பிரதி மீண்டும் இருக்கட்டும்.