மூடி மாறின கடிகாரம்

அரிமளத்தில் எந்த வீட்டில் பழைய சீக்கோ இருக்கும் என்று கண்டுபிடிக்க ஜோசியம் தேவையில்லை. அந்த வீட்டிலிருந்து யார், எந்த வருஷம், எந்தத் தேசத்துக்குப் போனார்கள் என்று தெரிந்தால் போதும். கொண்டுவிக்கப் போன செட்டியார்கள், அவர்கள் கடைகளுக்குக் கணக்கெழுதப் போனவர்கள், சிங்கப்பூரில் மூட்டை தூக்கப் போனவர்கள், பிற்பாடு வளைகுடாவுக்குப் போனவர்கள். திரும்பி வரும்போது பெட்டியில் கோடாலித் தைலமும் நைலக்ஸ் சேலையும், மணிக்கட்டில் கடிகாரமும் இருந்தன. உள்ளூரில் எச்எம்டி உண்டு. அதுவும் 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்து பெங்களூரில் தொடங்கியதுதான். ஆனாலும் சாவி கொடுக்காமல் தானே ஓடுகிற, கிழமை காட்டுகிற சீக்கோவைக் கட்டியவர் கொஞ்சம் சட்டைக் கையை மடித்துவிட்டே நடப்பார். சில சீக்கோ 5களில் கிழமை அரபியில் இருக்கும். கடிகாரம் வந்த வழியை அதுவே சொல்லிவிடும்.

நான் சேர்ப்பது இவற்றில் ஒரு சிறு கிளை. ஆட்டோமேட்டிக் க்ரோனோகிராஃப். அதாவது கையசைவில் தானே சாவி ஏறிக்கொள்ளும், கூடவே ஸ்டாப்வாட்ச் வேலையும் செய்யும். 1969 வரை இந்த இரண்டையும் ஒரே கடிகாரத்துக்குள் அடைக்க யாராலும் முடியவில்லை. அந்த வருஷம் ஜனவரியில் ஜெனித் அறிவித்தது. மார்ச்சில் ஹோயர், பிரைட்லிங் கூட்டணி அறிவித்தது. மே மாதம் சீக்கோ தன் 6139ஐ ஜப்பானில் சத்தமில்லாமல் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. யார் முதல் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. சுவிஸ்காரர்களுடையது லட்சங்களில் போகிறது (பால் நியூமன் கட்டிய ரோலெக்ஸ் டேடோனா 2017இல் 1.77 கோடி டாலருக்குப் போனது, அதற்கு சாவி வேறு கொடுக்க வேண்டும்). என் முதல் 6139ஐ நான் 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். மாதச் சம்பளக்காரன் ஒரு தீபாவளியைக் கொஞ்சம் சுருக்கினால் முடிகிற காரியம்.

விலை குறைவு என்பதால் உள்ளே இருப்பது மட்டமில்லை. பக்கவாட்டில் இரண்டு பல்சக்கரங்களை இணைப்பது பழைய முறை. பொத்தானை அழுத்தியதும் முள் லேசாகத் துள்ளும். 6139இல் இணைப்பு மேலும் கீழுமாக, வண்டியின் கிளட்ச் பிளேட் மாதிரி உரசிப் பிடிக்கும். துள்ளாது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதிப் பக்கம் எனக்குக் கடிகாரம் பார்க்கும் அண்ணன், கழற்றும்போதெல்லாம் அந்த நடுச்சக்கரத்தைத் தனியே எடுத்து வைப்பார். "மத்ததெல்லாம் பெட்ரோல்ல போடலாம் தம்பி. இதப் போட்டா உள்ள இருக்கிற எண்ணெ போயிரும். அப்புறம் வழுக்கும், இல்லாட்டி இழுக்கும்." நம் ஊரில் பாதி 6139கள் அப்படித்தான் வீணாகியிருக்கின்றன.

இதில் பிழைக்க சேகரிப்பாளன் கற்றுக்கொள்வது சந்தேகம். மும்பையில் டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, பளபளவென்று ஆரஞ்சு, ஊதா நிறங்களில் விற்கிறார்கள். மூன்று கடிகாரத்தை உடைத்து ஒன்றாக்குகிறார்கள். அதனால் எதைப் பார்த்தாலும் பின்மூடியைத் திருப்புவோம். அங்கே உள்ள வரிசை எண்ணில் முதல் இலக்கம் வருஷம், அடுத்தது மாதம். டயலின் சொற்களும் மூடியின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் அதற்கு எங்கள் பாஷையில் 'ஃபிராங்கன்' என்று பேர். விலை பாதியாகும்.

எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தர் வீட்டு விவகாரம் இங்கேதான் சிக்கியது. பெரியப்பா 1971இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கி அந்த வருஷமே கல்யாணம் பண்ணிக்கொண்டார். "கல்யாணத்தன்னிக்கு அவுக கையில இதான் கெடந்துச்சு" என்று பெரியம்மா ஒரு மஞ்சள் டயல் 6139ஐக் காட்டுவார். கல்யாண போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த நாளிலிருந்து அவரிடம் கண்ணால் பார்க்க இருக்கிற ஒரே பொருள் இதுதான். மகன் விற்கலாம் என்று இணையத்தில் தேடியிருக்கிறான். மூடியில் எண் 46 என்று ஆரம்பிக்கிறது.

"பங்காளி, இது 74 ஜூன்ல செஞ்சது. அம்மா சும்மா சொல்லுது."

பெரியம்மா மறுத்துப் பேசவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஐம்பது வருஷமாக நிச்சயமாகத் தெரிந்த ஒன்று இல்லை என்று ஆகும்போது மனுஷர் என்ன சொல்வார்?

நான் டயலைப் பார்த்தேன். ஒன்பது மணிப் பக்கம், ஓரத்தில், எறும்பு எழுத்தில் 'வாட்டர் 70 மீட்டர் ப்ரூஃப்'. 1970, 71 வாக்கில் சீக்கோ 'ப்ரூஃப்' என்ற சொல்லை விட்டு 'ரெசிஸ்ட்' என்று மாற்றியது. கொஞ்ச நாளில் டயலில் அந்த வரியே இல்லாமல் போனது. இந்த மூடியில் இருப்பதும் 'ரெசிஸ்ட்'. டயல் ஒரு கடிகாரத்துடையது, மூடி வேறொன்றுடையது. டயலைக் கேட்டால் அது கல்யாணத்துக்கு முந்தியது.

சந்தேகப்பட வேண்டுமானால் டயல்தான் பிற்பாடு மாறியது என்றும் வாதாடலாம். இரும்பும் பித்தளையும் அதற்கு மேல் சாட்சி சொல்லாது. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஆளின் ஞாபகத்தைத் தள்ளிவிடுவது சேகரிப்பாளர்களின் பெரிய வியாதி என்று நினைக்கிறேன். வில்லியம் போக் என்ற விண்வெளி வீரர் 1973 நவம்பரில் ஸ்கைலேபுக்குப் போனபோது, நாசா கொடுத்த ஒமேகாவோடு தன் சொந்த மஞ்சள் 6139ஐயும் அனுமதி கேட்காமல் எடுத்துப் போனார். 84 நாள் அது மேலே இருந்தது. ஆனால் விண்வெளிக்குப் போன முதல் ஆட்டோமேட்டிக் க்ரோனோகிராஃப் என்ற பெயர் வெகுகாலம் 1985இல் போன ஒரு ஜெர்மன் கடிகாரத்துக்கே இருந்தது. சேகரிப்பாளர் ஒருவர் போக்கிடமே நேராக விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆவணத்தில் இல்லாததை ஆளிடம் கேட்க வேண்டியிருந்தது.

அதனால் நானும் கேட்டேன். பெரியப்பா இதை எப்படி வைத்துக்கொண்டார்?

"காலையில எந்திரிச்சதும் நாலு ஆட்டு ஆட்டித்தான் கட்டுவாக. திருகுனா ஏறாதாம்." சரி. 6139க்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. திருகை அழுத்தினால் தேதியும் கிழமையும்தான் மாறும்.

"கம்மாயில குளிக்கையில கழட்ட மாட்டாக. தண்ணி போகாதுன்னு உள்ளயே எழுதியிருக்குன்னு எல்லாருக்கும் காட்டுவாக. ஒரு மழைக்காலத்துல உள்ள பூராம் ஆவி அடிச்சுப் போச்சு. திருச்சிக்குக் கொண்டுபோயி பழுது பாத்துட்டு வந்தாக."

மகன் கடிகாரத்தை வாங்கி டயலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அந்த வரியை அவன் அதுவரை படித்ததே இல்லை.

கடிகாரத்தை அண்ணனிடம் திறந்தோம். டயலின் அடியில் ஈரம் பட்ட பழுப்பு வளையம் இருந்தது. ரப்பர் வளையம் கருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. "தண்ணி குடிச்ச கடியாரம்தான் தம்பி. அப்ப மூடிய மாத்தியிருப்பாங்க, எது கெடச்சுதோ அத" என்றார் அண்ணன். அந்த வருஷத்துக்குப் பொருத்தமான மூடி தேடித் தரவா என்றும் கேட்டார். மகன் என்னைப் பார்த்தான். விற்பதானால் மாற்றலாம், நாலு காசு கூடக் கிடைக்கும் என்றேன். "இருக்கட்டும் பங்காளி" என்றான்.

இப்போது ஓடுகிறது. நிமிஷ முள் மட்டும் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் இரண்டில் நிற்கிறது. முள்ளைப் பிடுங்கிச் சரிபண்ணினால் அந்த இடத்தில் பெயின்ட் உதிரும் என்பதால் அண்ணன் தொடவில்லை.

பெரியம்மாவுக்குப் பொத்தானை அழுத்திக் காட்டினேன். அரிமளத்தில் யாருக்கு எதற்கு ஸ்டாப்வாட்ச் என்று எனக்கு ரொம்ப நாளாகவே கேள்வி. அதையும் கேட்டேன்.

"தெருப் பயலுகள வரிசையா கம்மாயில முங்கவிட்டு, எவன் ரொம்ப நேரம் மூச்சப் பிடிக்கிறான்னு பாப்பாக. செயிச்சவனுக்கு ஒரு சிங்கப்பூர் முட்டாயி. உங்கப்பன் எப்பவும் தோத்துத்தான் வருவான்."