சும்மா சுழலும் டிஸ்க்

யாரும் கைவைக்காமல் மேசைமேல் கிடக்கும் பழைய லேப்டாப்பிலும் ஒரு சின்ன விளக்கு மின்னி மின்னி அணைந்துகொண்டிருக்கும். காதை அருகில் கொண்டுபோனால் உள்ளே மெல்லிய உறுமலும், நடுநடுவே 'கிர்க்' என்ற சத்தமும் கேட்கும். யாரும் ஃபைல் எதையும் திறக்கவில்லை, எதையும் சேமிக்கவில்லை. ஆனாலும் ஹார்டு டிஸ்க் ஓயவில்லை. அந்த ஓயாமைக்கான விலையைப் பேட்டரி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட பழைய லேப்டாப்பில் இருப்பது 2.5 அங்குல டிஸ்க். பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும். சும்மா சுழல்வதற்கே ஒரு வாட்டை நெருங்கும் மின்சாரம் வேண்டும்; படிப்பதும் எழுதுவதுமாக இருந்தால் சுமார் 2 வாட் ஆகிவிடும். சுழற்சி நின்றுவிட்டாலோ 0.2 வாட் அளவே போதும். 48 வாட்-மணி பேட்டரியில், மொத்தமாக 12 வாட் எடுத்து ஓடும் லேப்டாப் 4 மணி நேரம் தாங்கும். ஓயாமல் வேலை பார்க்கும் டிஸ்க்கை மட்டும் உறங்கவைத்தால் இதே பேட்டரி ஏறத்தாழ 4 மணி 40 நிமிடம் வரும். தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது 2011-இல். அடுத்த ஆண்டே மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டது. இருட்டில் பாடத்தை முடிக்கப் பார்த்த மாணவருக்கு அந்த 40 நிமிடம் சின்ன விஷயம் இல்லை.

அப்படியானால் வேலை முடிந்த கையோடு டிஸ்க்கை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நின்ற டிஸ்க்கின் தட்டை மறுபடி முழு வேகத்துக்குக் கொண்டுவர, சில விநாடிகளுக்கு 5 வாட் வரை தேவைப்படும். நான்கு விநாடி என்று வைத்தால் 20 ஜூல். நிறுத்தி வைப்பதால் மிச்சமாவது விநாடிக்கு 0.6 ஜூல்தான். ஆகவே அரை நிமிடத்துக்குள் மறுபடி எழுப்பினால் நிறுத்தியதே நஷ்டம். ஊர் மாவு மில்லில் ஒரு படி அரிசிக்காக மோட்டாரைப் போட மாட்டார்கள். நாலைந்து பேருடைய தூக்கு சேர்ந்ததும் ஒரே ஓட்டமாக அரைத்துவிட்டு நிறுத்துவார்கள். டிஸ்க்குக்கும் அதே கணக்குதான்.

இந்தக் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் 1994-லேயே போட்டுப் பார்த்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கெஸ்டர் லீயும் உடன் பணியாற்றியவர்களும், டிஸ்க் எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் அதை நிறுத்தலாம் என்று ஆராய்ந்தார்கள். அப்போது கணினித் துறையில் 3 முதல் 5 நிமிடம் காத்திருப்பதே வழக்கம். அப்படிக் காத்திருந்தால் கிடைக்கக்கூடிய மிச்சத்தில் பாதிதான் கைக்கு வரும் என்றும், அன்றைய டிஸ்க்குகளுக்கு 2 விநாடியே சரியான அளவு என்றும் அவர்கள் கண்டார்கள். ஆனால் இந்த மிச்சம் கைகூட வேண்டுமென்றால், நிறுத்திய டிஸ்க்கை யாரும் உடனே தட்டி எழுப்பக் கூடாது.

தட்டி எழுப்பியது மென்பொருள். லினக்ஸ் இயங்குதளத்தில் வெகுகாலம் புழங்கிய 'எக்ஸ்ட்3' கோப்பு முறை, புதிதாக எழுத ஏதாவது இருந்தால் 5 விநாடிக்கு ஒருமுறை டிஸ்க்குக்குப் போய் எழுதிவிடும். இன்னொரு பழைய ஏற்பாடு, ஒவ்வொரு ஃபைலையும் கடைசியாக எப்போது படித்தார்கள் என்று குறித்துவைப்பது. அதனால் ஒரு ஃபைலை வெறுமனே படித்தாலும் டிஸ்க்கில் ஓர் எழுத்து வேலை முளைக்கும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, திறந்திருக்கும் பக்கங்களின் பட்டியலை 15 விநாடி இடைவெளியில் சேமிக்கும். விண்டோஸில் தேடலுக்கான அட்டவணை தயாரிப்பும் வைரஸ் சோதனையும் தங்கள் பங்குக்கு டிஸ்க்கைக் குடையும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான வேலைதான். எல்லாம் ஆளுக்கொரு நேரத்தில் வருவதால் டிஸ்க்குக்கு அரை நிமிட அமைதிகூடக் கிடைப்பதில்லை.

தீர்வும் மென்பொருளிலிருந்தே வந்தது. கடைசியாகப் படித்த நேரத்தைக் குறிக்கும் வழக்கத்தை விண்டோஸ் விஸ்டா இயல்பாகவே நிறுத்திவைத்தது. லினக்ஸ் 2009-இல், அவசியமானபோது மட்டும் குறித்தால் போதும் என்ற முறைக்கு மாறியது. அதற்கு முன்பே நிரலாளர் ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதி, இன்னொரு நிரலாளர் பார்ட் சாம்வெல் லினக்ஸ் 2.6 பதிப்புக்குக் கொண்டுவந்த 'லேப்டாப் மோடு' இதில் மிக அழகான யோசனை. எழுத வேண்டியவற்றை அது நினைவகத்திலேயே 10 நிமிடம்வரை சேர்த்துவைக்கும். இடையில் எதையாவது படிப்பதற்காக டிஸ்க் எழுந்தால், விழித்த நேரத்தை வீணாக்காமல் சேர்ந்த அத்தனையையும் எழுதிவிட்டு மறுபடி உறங்கவிடும்.

இதே யோசனையை லட்சக்கணக்கானோர் தெரியாமலே சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். 2001-இல் வந்த முதல் ஐபாடில் இருந்ததும் ஒரு சுழலும் டிஸ்க்தான், தோஷிபாவின் 1.8 அங்குல, 5 ஜிபி டிஸ்க். கூடவே 32 எம்பி நினைவகம் இருந்தது. சுமார் 20 நிமிடத்துக்கான பாட்டை ஒரே மூச்சில் அதில் நிரப்பிவிட்டு டிஸ்க் நின்றுவிடும். அவ்வளவு சிறிய கருவியின் பேட்டரி 10 மணி நேரம் தாங்கியதில் அந்த ஓய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

சேர்த்து எழுதுவதில் ஆபத்தும் இருக்கிறது. 10 நிமிட வேலை நினைவகத்தில் மட்டும் இருக்கும்போது பேட்டரி தீர்ந்துவிட்டால், அந்த வேலை போனது போனதுதான். இன்னொரு ஆபத்து 2007 வாக்கில், லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவின் பயனர்களைக் கலங்கவைத்தது. மின்சாரம் மிச்சம்பிடிக்க, டிஸ்க்கில் படித்து எழுதும் தலை அடிக்கடி ஓரமாக ஒதுங்கும். அடுத்த சில விநாடிகளில் ஏதாவது எழுத வேண்டிவந்து திரும்பி ஓடிவரும். பல லேப்டாப் டிஸ்க்குகள் இப்படி 6 லட்சம் முறை ஒதுங்கித் திரும்பும் அளவுக்கே உறுதி தரப்பட்டவை. நிமிடத்துக்கு 2 முறை, நாளுக்கு 10 மணி நேரம் என்று கணக்கிட்டால் 500 நாளில் அந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும். எழுத்து வேலைகளைக் குறைக்காமல் ஓய்வை மட்டும் திணித்தால் டிஸ்க்கின் ஆயுள்தான் தேயும்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, எழுப்புவது யார் என்று பார்ப்பது. விண்டோஸில் 'ரிசோர்ஸ் மானிட்டர்', லினக்ஸில் 'ஐஓடாப்' இரண்டும் எந்த மென்பொருள் டிஸ்க்கைத் தொடுகிறது என்று பெயரோடு காட்டிவிடும். தேவையற்றதை மூடுங்கள். உலாவியின் சேமிப்பு இடைவெளியைக் கூட்டுங்கள். வைரஸ் சோதனையை சார்ஜரில் இருக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் டிஸ்க்கை நிறுத்தும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

முடிந்தால் அதே இடத்தில் பொருந்தும் 2.5 அங்குல எஸ்எஸ்டி ஒன்றை மாட்டிவிடுவது இன்னும் நல்லது. அதில் சுழலும் பாகமே இல்லை. பழைய டிஸ்க்கோடுதான் தொடர்வீர்கள் என்றால், எந்த அமைப்பை மாற்றுவதற்கு முன்னும் படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்தில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள்.