இரண்டு குரலும் ஒற்றை ஆளும்

ஜனரஞ்சகமானது மேலோட்டமானது, சொல்லைத் துறந்தது ஆழமானது என்றொரு தீர்மானம் நம் வட்டத்தில் எப்போதும் கைவசம் உண்டு. கவிதை விஷயத்தில் பழகிய இதை இசைக்கும் நீட்டிவிடுகிறோம். சைமன், கார்ஃபங்கல் இருவரின் 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்' (1970), மைக் ஓல்ட்ஃபீல்டின் 'ட்யூபுலர் பெல்ஸ்' (1973) என்ற இரண்டு இசைத்தட்டுகளையும் சில மாதங்களாக மாறி மாறிக் கேட்டு வருகிறேன். முதலாவதில் பதினொரு பாட்டுகள். இரண்டாவதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே நீண்ட பகுதிகள். பாட்டு வரிகள் கிடையாது. "அது பஸ்ஸில் கேட்க, இது உட்கார்ந்து கேட்க" என்றார் நண்பர் ஒருவர். இவ்வளவு சுலபமாகப் பிரிந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

'ட்யூபுலர் பெல்ஸை'ப் பதிவுசெய்தபோது ஓல்ட்ஃபீல்டுக்குப் பத்தொன்பது வயது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் 'மேனர்' என்ற ஒலிப்பதிவுக்கூடத்தில் பியானோ, ஆர்கன், கிதார் என்று அநேகமாக எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்து, டேப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். ஆரம்பத்துப் பியானோ ஏழும் எட்டுமாகப் பதினைந்து எண்ணிக்கையில் சுற்றுகிறது. பதினாறை எதிர்பார்க்கும் காது ஒவ்வொரு சுற்றிலும் ஏமாறுகிறது. முதல் பக்கத்தின் முடிவில் விவியன் ஸ்டான்ஷல் வாத்தியங்களைப் பெயர் சொல்லி அழைக்க, ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. கடைசியில் குழாய் மணிகள். பெரிய சபை கூடிவிட்ட பிரமை. ஆனால் அழைக்கப்பட்டு வருகிறவர் ஒவ்வொரு தடவையும் அதே ஆள்தான்.

மற்றதன் கதை வேறு. 'கேட்ச்-22' படத்தில் நடிக்க கார்ஃபங்கல் மெக்ஸிகோ போய்விட்டார். நியூயார்க்கில் தங்கிவிட்ட சைமன் அந்தப் பிரிவை வைத்து 'தி ஒன்லி லிவிங் பாய் இன் நியூயார்க்' எழுதினார். அதன் பின்னணியில் கோயில் மண்டபத்தில் எழுவதுபோல ஒரு கூட்டுக்குரல் கேட்கிறது. அதுவும் டேப்பில் மடக்கி மடக்கி ஏற்றப்பட்டதுதான், உத்தி ஒன்றே. ஆனால் அந்தக் கூட்டத்தில் கார்ஃபங்கலும் இருக்கிறார். போனவனைப் பற்றிய பாட்டில் போனவனே வந்து பாடுகிறான். அந்த வருஷமே இருவரும் பிரிந்தார்கள்.

ஓல்ட்ஃபீல்டின் தனிமை பொய்யில்லை. அந்த மணியோசையில் ஒரு இளைஞனின் பிடிவாதம் முழுசாக இருக்கிறது. ஆனால் அங்கே எதிர்க்குரல் இல்லை. தன் சுருதிக்குச் சற்றே விலகி நிற்கும் இன்னொருவனோடு இசைந்துபோக வேண்டிய சங்கடம் நாலு நிமிஷப் பாட்டில் இருக்கிறது. கனம் என்று நான் சொல்வது இதைத்தான். நீளத்துக்கும் சொல்லின்மைக்கும் இதில் சம்பந்தமில்லை.

இது எனக்கு வெறும் ரசனைப் பிரச்னை இல்லை. ஒரு சிநேகிதனோடு சேர்ந்து சில வருஷங்கள் மொழிபெயர்த்தேன். ஒருவன் எழுதியதை மற்றவன் அடிப்பான். அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். வங்கியில் நான் போடும் பதிவை இன்னொருவர் பார்த்து ஒப்பாமல் செல்லாது. சிறுபத்திரிகையில் அந்த விதி இல்லை. எழுத்தாளனும் ஆசிரியனும் விமர்சகனும் பல சமயம் வாசகனும் ஒரே ஆள். இப்போது என் வாக்கியங்கள் தங்குதடையின்றி ஓடுகின்றன. அதுதான் பயமாக இருக்கிறது.