அண்ணன் விட்டுப்போன கடல்!

எங்கள் வீட்டு ஹாலில் மூன்றடி நீளத்துக்கு ஒரு கடல் இருக்கிறது. மீன்தொட்டி என்று யாராவது சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. "மீன் ரெண்டே ரெண்டுதான். மத்ததெல்லாம் பவளம்" என்று திருத்துவார்.

இதே அப்பாதான் அண்ணன் இந்தத் தொட்டியை வாங்கி வந்த அன்று, "வீட்டுக் கடன் பாக்கி இருக்கும்போது உப்புத்தண்ணிக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் இருவரும் நேராகப் பேசிக்கொள்வதே குறைந்துபோனது. "உங்க அண்ணன்கிட்ட சொல்லு", "அப்பாகிட்ட கேளு" என்று நடுவில் நான்தான் தபால்காரி.

2022-ல் அண்ணனுக்கு தோஹாவில் வேலை கிடைத்தது. தொட்டியை நண்பருக்குக் கொடுத்துவிட ஏற்பாடு செய்தான். கிளம்புவதற்கு முதல் நாள், "உசுரோட இருக்கிறதை எதுக்குத் தூக்கிக் கொடுக்கணும்? இருக்கட்டும்னு சொல்லு" என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மீட்டர் பார்த்தே பழகிய கண். தண்ணீரின் வெப்பம் 25, 26 டிகிரியைத் தாண்டக் கூடாது, உப்பின் அடர்த்தி 1.025-ல் நிற்க வேண்டும் என்று அண்ணன் எழுதி ஒட்டிவிட்டுப் போன தாளை மனப்பாடம் செய்துவிட்டார். சென்னை வெயிலில் தண்ணீர் ஆவியாகும். ஆனால் உப்பு ஆவியாகாது, தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைகிற அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி, தினமும் காலையில் காபிக்கு முன்னால் அந்தக் கோடு வரை நிரப்பிவிடுவார்.

எங்களிடம் இருப்பவை மென்பவளங்கள். இவற்றுக்குப் பாறை போன்ற கூடு கிடையாது. தண்ணீரின் ஓட்டத்துக்கு வளைந்து ஆடும். ஒவ்வொரு பாலிப்புக்கும் எட்டுக் கைகள். உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளிச்சத்தை வைத்து உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. அதனால்தான் தினமும் எட்டு மணி நேரம் எல்.இ.டி. விளக்கு எரிய வேண்டும். எல்லாம் அண்ணனின் நண்பர் தன் தொட்டியில் வளர்த்து வெட்டிக் கொடுத்த துண்டுகள். திட்டுகளை உருவாக்கும் கல்பவளங்களை 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை! ஆசைப்பட்டு அதையெல்லாம் வாங்கிவிடாதீர்கள். மென்பவளமானாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அண்ணன் போன மூன்றாவது மாதம், காளான் வடிவத்தில் இருந்த பெரிய பவளம் சுருங்கி மூடிக்கொண்டது. மேலே மெழுகு பூசினாற்போல் ஒரு படலம். அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. போட்டோ எடுத்து என்னை அனுப்பச் சொன்னார். "தோல் உரிக்குது. ஒரு வாரம்கூட ஆகும். தொடாம இருந்தாலே போதும், அதுவா திறக்கும்" என்று அண்ணன் பதில் போட்டான். ஆறாம் நாள் அது திறந்தது. அந்தப் போட்டோவை அப்பா தன் போனிலிருந்தே அனுப்பினார். அவர்களுக்கு இடையேயான முதல் வாட்ஸ்அப் அது. அதன்பின் தினமும் ஒரு எண் போகும்: "26. 1.025." அங்கிருந்து ஒரு கட்டைவிரல் வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருவில் முட்டியளவு தண்ணீர், கரன்ட் இல்லை. திட்டித் தீர்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "தண்ணி வடியாம லைன்ல கரன்ட் விட்டா உசுரு போயிடும் சார்" என்று அப்பா விளக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்து, இன்வெர்ட்டரில் தொட்டியின் பம்ப் மட்டும் ஓடியது. பம்ப் நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். இன்வெர்ட்டர் தீர்ந்ததும் பேட்டரி ஏர் பம்ப். அதுவும் தீர்ந்ததும் மக். தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். ராத்திரி முழுக்க நானும் அப்பாவும் மாற்றி மாற்றி. அம்மா மெழுகுவத்தி பிடித்தாள்.

மறுநாள் இரவு கரன்ட் வந்தது. பூப்போல விரிந்து விரிந்து மூடும் சீனியா பவளம் கூழாகக் கரைந்துபோயிருந்தது. மற்றவை சுருங்கியிருந்தாலும் பிழைத்துவிட்டன. போன் உயிர் பெற்ற சில நிமிடங்களில் அண்ணன் அழைத்தான். தொட்டியைப் பற்றிக் கேட்பான் என்றுதான் நினைத்தேன். "அப்பா எப்படி இருக்கார்?" என்றான். போனை அப்பாவிடம் நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒண்ணு போயிடுச்சுப்பா. காப்பாத்த முடியல" என்றார். அந்த முனையில் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. இருபது நிமிடங்கள் பேசினார்கள்.

மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்ததைப் பற்றி அலுவலகத்தில் படித்ததை ஒருநாள் சொன்னேன். சூடு தாங்காமல் உள்ளே இருக்கும் நுண்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிடும், நீடித்தால் பட்டினியில் சாகும். "நம்மகிட்ட சில்லர் இருக்கு. அதுக்கு யாரு வைப்பாங்க?" என்றார் அப்பா.

இப்போது தினசரி எண்ணோடு இன்னொன்றும் தோஹாவுக்குப் போகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கரன்ட் பில்லின் போட்டோ. அண்ணன் மறுபேச்சில்லாமல் கட்டிவிடுகிறான்.