அருண் வயலின் அடியில்

சுமத்ராவின் வட கோடியில் இருக்கிறது அச்சே. அங்கே லோக்சுமாவே நகரைத் தாண்டி லோக்சுகோன் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் நெல் வயல், தென்னை, நடுநடுவே வேலி போட்ட கிணற்று மேடைகள். இந்தப் பசுமைக்குச் சுமார் 3 கிலோமீட்டர் கீழே, ஆதிகாலத்துப் பவளத் திட்டு ஒன்று சுண்ணாம்புக் கல்லாக இறுகிக் கிடக்கிறது. 1971-ல் கண்டுபிடிக்கப்பட்ட அருண் எரிவாயு வயல் அதுதான். 1978 முதல் இங்கிருந்து திரவ எரிவாயு கப்பலேறியது. கடைசிக் கப்பல் 2014 அக்டோபரில் புறப்பட்டது.

அந்தக் கல்லுக்குள் நடந்ததுதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது. அங்கே வெப்பம் சுமார் 178 டிகிரி செல்சியஸ். ஆரம்ப அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 7,100 பவுண்டு. அந்த அழுத்தத்தில் எல்லாமே வாயு. வாயுவை எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கும். 4,400-ஐ நெருங்கியதும் வாயுவிலிருந்து லேசான எண்ணெய் பிரிந்து துளிர்க்கத் தொடங்கும். அழுத்தம் குறைந்தால் திரவம் ஆவியாகும் என்றுதான் நமக்குத் தெரியும். இங்கே நேர்மாறு!

அழுத்தம் மிக வேகமாக விழுவது கிணற்றைச் சுற்றித்தான். அதனால் அந்த எண்ணெய் அங்கேதான் சேர்கிறது. கல்லுக்கு எண்ணெய் மீது ஒட்டுதல் அதிகம். நுண்துளைகளின் சுவரில் படலமாகப் படிந்து, குறுகலான வாய்களை எண்ணெய் அடைத்துக்கொள்ள, பின்னால் வரும் வாயு திணறுகிறது. அருணில் சில கிணறுகளின் திறன் இப்படிப் பாதியாகச் சரிந்ததை 1994-ல் வெளியான ஆய்வு பதிவு செய்தது.

இந்த எரிவாயு வயலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர், தன் வீட்டுத் திண்ணையில் இரண்டு கல் வில்லைகளை என் முன் வைத்தார். முதல் வில்லையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். கண்மூடித் திறப்பதற்குள் கல் அதைக் குடித்துவிட்டது. ஈரக் கறை மட்டும் மிச்சம். இரண்டாவது, ஃப்ளோரின் சேர்மத்தில் ஊறிய வில்லை. அதில் விழுந்த சொட்டு தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றது. "பாக் (ஐயா), இரண்டும் ஒரே கல்லா?" என்றேன். "ஒரே கல்தான். குணம்தான் மாறியிருக்கிறது," என்றார்.

கல்லின் இந்த நனையும் குணத்தை மாற்ற முடியும் என்று கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கேவென் லீயும் அப்பாஸ் ஃபிரூசாபாதியும் 2000-ல் சோதனைகளால் காட்டினார்கள். இத்தகைய ஃப்ளோரின் மருந்தைக் கரைப்பானில் கலந்து கிணற்றுக்குள் செலுத்தினால் போதும். வயல் முழுவதற்கும் வேண்டாம். கிணற்றைச் சுற்றிச் சில அடி தூரக் கல் பக்குவப்பட்டாலே எண்ணெய் பிடி தளர்ந்து வாயுவோடு வெளியேறும். பாறையை உடைக்காமல், அதன் துளைச் சுவரை மட்டும் தொட்டு வழி திறக்கும் இந்த யோசனையை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

ஆனால் ஃப்ளோரின் சேர்மங்கள் பல மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாதவை. பூமிக்கடியின் வெப்பத்தைத் தாங்கவும் வேண்டும், மேலே உள்ள நெல் வயலுக்குக் கேடு செய்யாமலும் இருக்க வேண்டும். அப்படியொரு மருந்து கிடைத்தால்தான் இந்த அறிவு முழுமை பெறும்.