நான்கு ட்யூப் போதும்

எண்ணெய் வண்ணம் பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "ஐயா, என்னென்ன கலர் வாங்கணும்?" என்றுதான். நான்கு போதும் என்றால் முகம் வாடிவிடும். உடனே ஆண்டர்ஸ் சோர்னின் படங்களை எடுத்துக் காட்டுவேன். 1860இல் சுவீடனின் மோராவில் பிறந்தவர். கிளீவ்லாந்து, டாஃப்ட் போன்ற அமெரிக்க ஜனாதிபதிகளை வரைந்தவர். 1896இல் தன்னைத்தானே வரைந்துகொண்ட படத்தில் அவர் பிடித்திருக்கும் வண்ணத்தட்டில் வெள்ளை, மஞ்சள் ஓக்கர், சிவப்பு, கறுப்பு, இவ்வளவுதான். நீலத்தை அவர் தொட்டதே இல்லை என்பார்கள். அது மிகை, வேறு படங்களில் தொட்டிருக்கிறார். முகத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படவில்லை.

ஐவரி பிளாக் என்னும் கறுப்பில் லேசான நீலச் சாயல் உண்டு. வெள்ளை கலந்து சிவந்த கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தால், கண் அதை நீலம் என்றே நம்பிவிடும். ஓக்கரில் கலந்தால் பாசிப்பச்சை. சவரம் செய்த ஆணின் தாடைக்கு இந்த இரண்டும் போதும்.

நம் ஊர் முகங்களை வெள்ளையில் தொடங்கவே கூடாது. ஓக்கர், சிவப்பு, கறுப்பு கலந்த பழுப்பில் தொடங்கி, வெளிச்சம் விழும் இடங்களுக்கு மட்டும் வெள்ளையைக் கிள்ளிப் போடவேண்டும். அதிகமானால் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். கறுத்த நெற்றியில் மின்னும் ஒளி மஞ்சளல்ல, குளிர்ந்த சாம்பல். அதைப் பார்க்கப் பழகுவதற்கே பலருக்குக் காலம் பிடிக்கிறது.

படம் ஒத்துவராதபோது நாம் புது ட்யூபைத் தேடுகிறோம். குறை பெரும்பாலும் நிறத்தில் இருக்காது. எது எவ்வளவு இருட்டு, எது எவ்வளவு வெளிச்சம் என்ற அளவில் இருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். முப்பது நிறங்கள் இருந்தால் அந்தக் குறையைப் பூசி மறைக்கலாம். நான்கில் முடியாது. சிறிய சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை: இருப்பது இவ்வளவுதான் என்று தெரிந்தபின்தான் எது அவசியம் என்று கண்ணில் படுகிறது. வசதி வந்த பிறகும் அந்தக் கண்ணைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் குறைவு.

சோர்ன் காலத்து வெள்ளையில் ஈயமும், வெர்மிலியன் சிவப்பில் பாதரசமும் இருந்தன. நீங்கள் டைட்டானியம் ஒயிட்டும் காட்மியம் ரெட் லைட்டும் வாங்குங்கள். வெள்ளையை மட்டும் பெரிய ட்யூபாகக் கேளுங்கள். முதலில் தீர்வது அதுதான்.