அப்பாயியின் பிரட்டு

விளக்கை அணைக்கும் முன் அப்பாயி பேர் கூப்பிடுவாள். அது முடிந்த பிறகுதான் எங்கள் லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு அறையில், யாரும் படுக்கலாம்.

தேயிலைத் தோட்டத்தில் விடிகாலையில் பிரட்டு என்று ஒன்று உண்டு. தப்பு அடிக்கும் சத்தம் கேட்டதும் ஆட்கள் பிரட்டுக் களத்தில் கூட வேண்டும். பேர் பதிந்து, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். நேரம் தவறினால் அன்றைய சம்பளம் போச்சு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அந்தப் பிரட்டைத்தான் அப்பாயி வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தாள். அவள் பிரட்டில் அரைப்பேர் கிடையாது. எல்லாருக்கும் முழுப்பேர்தான்.

"பெரியவன்?"

"இருக்கேன்மா." அது என் அப்பா.

"நடுவுள்ளவ?"

அத்தை அதே தோட்டத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டு கீழ் லயத்தில் இருந்தாள். அப்பாயி வாசலுக்கு வந்து குரல் கொடுப்பாள். இருட்டுக்குள்ளிருந்து "இருக்கேன்மா" என்று பதில் வரும்.

"சின்னவன்?" அது சித்தப்பா. அப்புறம் மருமகள், பேரப்பிள்ளைகள். கடைசியாக முன் திண்ணையான இஸ்தோப்புப் பக்கம் திரும்பி, "என்னங்க?" என்பாள். சுருட்டோடு உட்கார்ந்திருக்கும் தாத்தா ஒரு செருமல் செருமுவார். அன்றைய பிரட்டு முடிந்தது.

இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் அது. அப்பாயி எந்த வருஷம் பிறந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பால்பல் விழும் வயதில் அப்பா அம்மாவோடு கிளம்பியவள். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் பிடித்துப் போகிறவர்களை மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி, நோய்நொடி இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பலேற்றுவார்கள். முகாம் மணல் காலைச் சுட்டது மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. மற்றதெல்லாம் மலைதான். கொழுந்துக்கூடைக் கயிறு அவள் உச்சந்தலையில் விரற்கடை அகலத்துக்கு ஒரு பள்ளம் போட்டிருந்தது. எண்ணெய் தேய்த்துவிடும்போது என் விரல் அதில் இறங்கும். "வலிக்குதா அப்பாயி?" என்பேன். "அது சம்பாத்தியம்டா தம்பி" என்பாள்.

சாயங்காலம் தாத்தா மலையிலிருந்து இறங்கியதும் அவரைக் கல்லில் உட்கார வைத்து, காலில் ஏறியிருக்கும் அட்டைகளைச் சுண்ணாம்பு வைத்து ஒவ்வொன்றாக விழவைப்பாள். அவள் காலிலும் அட்டை இருக்கும். அது ரத்தம் குடித்துத் தானாக விழுகிறவரை அவளுக்கு நேரம் இருக்காது. அடுப்பு, பீலிக் குழாயில் தண்ணீர் பிடிப்பது, ரொட்டிக்கு மா பிசைவது என்று வேலை காத்து நிற்கும். அதே மலையில் அதே வெயிலில் நின்றாலும் அன்று பெண்ணாளுக்குச் சம்பளம் ஆணாளைவிடக் குறைவாக இருந்தது. அந்தக் குறைந்த சம்பளத்தில்தான் மூன்று பிள்ளைகளை அவள் கரையேற்றினாள்.

அவள் வீட்டுக்குள் எங்களை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் வெளியே இரண்டு அரசாங்கங்கள் எங்களை எண்ணிக்கொண்டிருந்தன. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அந்த மண்ணிலேயே பிறந்த என் அப்பாவைக்கூட நாடற்றவராக்கியிருந்தது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எங்கள் சனம் மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். லயத்தில் இருந்த எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாத்தா ஊர் ஞாபகத்தில் இந்தியாவுக்கு எழுதிப்போட்டார். அப்பாவும் சித்தப்பாவும் அவர் வழியே போனார்கள். அத்தையின் புகுந்த வீட்டார் இலங்கைக்கு எழுதிப்போட்டார்கள். மனு எழுதிய நாளில் அது வெறும் காகிதம். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவே கடல் வந்து படுக்கப்போகிறது என்று அன்று யார் நினைத்தார்கள்?

அதற்கு முன் பஞ்சம் வந்தது. 1974-இல் எனக்கு ஏழு வயது. ரேஷன் அரிசி குறைந்தது, கோதுமை மாவும் கிடைக்கவில்லை. தோட்டங்களில் சாவு கூடிக்கொண்டே போனது. கைப்பிடி மாவில் கண்ட கீரையையும் கலந்து அப்பாயி ஒரு ரொட்டி சுடுவாள். அதைத் தட்டில் வைத்து, எத்தனை பேரோ அத்தனை துண்டாக விரலாலேயே பிய்ப்பாள். ஒவ்வொரு துண்டையும் உள்ளங்கையில் வைத்து நிறை பார்ப்பாள். மடுவத்தில் கொழுந்து நிறுப்பவர்கூட அத்தனை கவனமாக நிறுத்ததில்லை. தன் பங்கைச் சின்னதாகப் பிய்த்து, அதையும் தாத்தா பார்க்காத நேரத்தில் அவர் பங்கோடு சேர்ப்பாள். அவர் தன் பங்கில் பாதியை யாரும் பார்க்காதபோது எனக்குத் தருவார். இரண்டையும் பார்த்தவன் நான் ஒருவன்தான். பசியில் வாயைத் திறக்காமல் வாங்கித் தின்றேன். அந்த ஆடி மாசம் தாத்தா போய்விட்டார். தேயிலைச் சரிவின் ஓரத்தில் அவரைப் புதைத்தோம். தலைமாட்டில் அப்பாயி ஒரு கொய்யாக் கன்று நட்டாள்.

அன்று ராத்திரியும் பேர் கூப்பிட்டாள். கடைசியில் இஸ்தோப்புப் பக்கம் திரும்பி "என்னங்க?" என்றாள். ஒரு செருமலுக்கு ஆகும் நேரம் நின்றாள். பிறகு விளக்கை அணைத்தாள்.

1977 ஆகஸ்டில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் வந்தபோது இரண்டு ராத்திரி தேயிலைச் செடிக்குள் படுத்துக் கிடந்தோம். அங்கேயும் குசுகுசுவென்று பேர் கூப்பிட்டாள். மறு வருஷம் எங்களுக்குக் கடவுச்சீட்டு வந்தது. "அவர இங்க விட்டுட்டு நான் எங்க வர்றது?" என்று அப்பாயி மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. நாலாம் நாள் தானாகவே சாமான் கட்டினாள். "செத்தவரு பசிக்குதுன்னு கேக்க மாட்டாரு. இந்தப் புள்ளைங்க கேக்கும்" என்றாள்.

எங்களைப் போன்றவர்கள் ஏறும் ரயிலுக்கு மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்று பேர். ஹட்டன் ஸ்டேஷனில் அந்தப் பேரின் அர்த்தத்தைக் காதால் கேட்டேன். ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் கைகள் பின்னிக்கிடந்தன. பிணம் கிடக்கும் வீட்டில் அழுவதுபோல் உயிரோடு இருப்பவர்களைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அத்தை கைக்குழந்தையோடு நின்றாள். அப்பாயி அழவில்லை. கோச்சி அசைந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ராத்திரிக் குரலில் ஆரம்பித்தாள்.

"பெரியவன்?"

"இருக்கேன்மா."

"நடுவுள்ளவ?"

அத்தை குழந்தையை மார்போடு அணைத்தபடி மேடை முடிகிறவரை ஓடிவந்தாள். "இருக்கேன்மா, இருக்கேன்மா" என்று அவள் சொன்னது சக்கரச் சத்தத்தில் தேய்ந்துபோயிற்று.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினோம். அங்கிருந்து மண்டபம் முகாம். குளிரில் வளர்ந்த எங்களுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அப்பாயி செருப்பில்லாத காலை மணலில் வைத்ததும் நின்றுவிட்டாள். "இந்த மண்ணு எனக்குத் தெரியும்" என்றாள். அன்று அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம். இந்தத் தடவை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். நடுவில் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது. அவள் பறித்துப்போட்ட கொழுந்தெல்லாம் யார் யார் கோப்பையிலோ தீர்ந்துவிட்டது.

தொழில் செய்யக் கடன் தந்தார்கள். நிலம் வாங்கித் தருகிறேன் என்று கூடவே ஒட்டிய ஒரு தரகன் அதில் பாதியைத் தின்றுவிட்டான். கையில் இருந்தது கரைந்தபின், முன்னால் வந்த சொந்தக்காரர் சொன்னதைக் கேட்டு நீலகிரிக்கு ஏறினோம். எங்களைப் போன்றவர்களுக்காகவே 1968-இல் அரசு அங்கே தேயிலை போடத் தொடங்கியிருந்தது. அதில் எங்களுக்கு இடம் கிடைக்காமல் கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் சேர்ந்தோம். இலங்கையில் எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே சிலோன்காரர்கள் என்றார்கள். அறுபது தாண்டிய அப்பாயி மறுபடியும் இடுப்பில் படங்கு கட்டினாள். முதல் நாள் ஒரு கொழுந்தைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, "செடிக்கு நம்மளத் தெரியுதுடா" என்றாள். அவள் பறித்த கொழுந்தில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

ராத்திரிப் பிரட்டு கோத்தகிரியிலும் நிற்கவில்லை. "நடுவுள்ளவ?" என்று வாசலில் நின்று கூப்பிடுவாள். கொஞ்சம் பொறுப்பாள். அப்புறம் "சின்னவன்?" என்பாள். அம்மா ஒருநாள், "அவதான் இல்லியே அத்தை, எதுக்கு மனசக் கெடுத்துக்கிறீங்க" என்று கேட்டாள். "பேர விட்டா ஆள விட்ட மாதிரி" என்றாள் அப்பாயி.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பல வாரம் கடிதம் வரவில்லை. ரேடியோவில் செய்தி வரும் நேரமெல்லாம் அப்பாயி பக்கத்தில் போய் நிற்பாள். கடைசியில் நீலக் கடிதம் ஒன்று வந்தது. அத்தை பிள்ளைகளோடு பிழைத்திருந்தாள். அடுத்த வருஷம் கப்பலும் நின்றுபோனது. மகளைப் பார்ப்போம், கொய்யா மரத்தடியில் ஒருதரம் சூடம் ஏற்றுவோம் என்று அவள் முடிந்துவைத்திருந்த காசு, 1994-இல் அவள் போனபோது முந்தானை முடிச்சிலேயே இருந்தது. அதற்கு முந்தின ராத்திரியும் பேர் கூப்பிட்டாள். குரல் வாசல் தாண்டவில்லை.

2003-இல் நான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை கொடுத்து இலங்கையில் சட்டம் வந்த வருஷம் அது. கொய்யா மரம் பெரிதாகிக் காய்த்திருந்தது. சூடம் ஏற்றினேன். அத்தை அதே கீழ் லயத்தில் இருந்தாள். நரைத்துப்போயிருந்தாள். ரொட்டி சுட்டுப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தவள் வெகுநேரம் கழித்துக் கேட்டாள்:

"அம்மா என்னையக் கூப்புட்டுச்சா தம்பி?"

"ஒருநாள் விடல அத்தை. கூப்புட்டுட்டு, நீங்க பதில் சொல்ற அளவுக்கு நேரம் விட்டுத்தான் அடுத்த பேருக்குப் போகும்."

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்று ராத்திரி விளக்கை அணைக்கப் போனவளை நிறுத்தி, அப்பாயியின் வரிசைப்படியே நான் கூப்பிட்டேன். பெரியவனுக்கு, அப்பாவின் இடத்தில், நானே இருக்கேன் என்றேன்.

"நடுவுள்ளவ?"

கீழ் லயத்து இருட்டுக்குள் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இருக்கேன்மா" என்றாள் அத்தை.